அழுத்தம் ஏறாத ஒரு விநாடி

குருபோங், மலாக்கா
11 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கவி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். என்னை விடு, என் மனைவி தேவமலர் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ஜொகூரில் நீ இருக்கும் வீட்டு விலாசத்தை, உனக்கு அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்த புவனேந்திரன் அண்ணனிடம் கெஞ்சி வாங்கினேன். "லெட்டர் மட்டும் போடு, நேரா போய் நின்னுடாத" என்று சொல்லித்தான் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாரும் நலம். பட்டறை ஏதோ ஓடுகிறது. நீ போன பிறகு டியூனிங் வேலை எதையும் எடுக்கவில்லை. பிரேக், கிளட்ச், ஏர்கான் என்று காலம் போகிறது.

முஃபீத்தை உனக்கு நினைவிருக்கும். தங்கா பத்து ஊர் தாவூது மாமாவின் மகன், ஜவுளிக்கடையில் அவருக்குத் துணையாக நிற்பவன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாகச் செய்த கார் அவனுடையதுதான். நான் டர்போ பூட்டினேன், நீ இன்ஜின் கம்ப்யூட்டரை டியூன் செய்தாய். நீ கோபித்துக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து அவனிடம் சாவியைக் கொடுத்தேன். பதிமூன்று நாள்தான் ஓட்டினான்.

பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை மாலை, தங்கா பத்து சாலையில் ஒரு லோரியை முந்தப் போயிருக்கிறான். பாதி முந்தியபோது காரில் இழுவையே இல்லாமல் போய்விட்டது என்கிறான். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவரை அடித்துவிட்டான். அவர் பெயர் ராமையா, ஐம்பத்தெட்டு வயது. நம் குருபோங்கில்தான் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, காவல் வேலை. அன்று வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது.

முஃபீத்துக்கு உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆபத்தாக ஓட்டினான் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். மே 6ஆம் தேதி கோர்ட். ஊரே அவனைத் திட்டுகிறது. விபத்து வீடியோ ஒன்று சுற்றுகிறது. அதற்குக் கீழே என்னென்னவோ எழுதுகிறார்கள்.

எழுத வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவனுடைய லோயர், காரின் இன்ஜின் கம்ப்யூட்டரைத் திறந்து படிக்க வேண்டும் என்கிறார். அதற்குப் பாஸ்வர்ட் போட்டவள் நீ. எப்படியும் உன்னைத் தேடி வருவார்கள். அக்கா, மறந்துவிட்டது என்று சொல்லிவிடு. அதில் அவன் எவ்வளவு வேகத்தில் போனான் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். திறந்தால் அவனுக்குத்தான் ஆபத்து. அவன் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன்.

உன் தம்பி,
கவிநேசன்


ஜொகூர் பாரு
19 மார்ச் 2024

கவிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

ஒரு மனிதருக்குக் கால் போயிருக்கிறது. அந்தச் செய்தி உன் கடிதத்தில் உன் தமிழுக்கும், பட்டறைக்கும், ஏர்கான் வேலைக்கும் பிறகு வருகிறது. அதற்கடுத்து உடனே எனக்கு ஒரு வேலை வைக்கிறாய், பொய் சொல்லும் வேலை.

அந்த லோயர் முஃபீத்தின் லோயர். அவனைக் காப்பாற்றத்தான் அவர் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்கிறார். திறந்தால் அவனுக்கு ஆபத்து என்று நீ சொல்கிறாய். அவன் வேகமாகப் போயிருந்தால் அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் திறக்கச் சொல்வானா? என்னை என்ன நினைத்து இதை எழுதினாய்?

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்த ரெகுலேட்டரை நீ எப்படி செட் செய்தாய்? இன்ஜின் ஐடிலில் ஓடும்போது மேல் ஹோஸைக் கழற்றிவிட்டுத்தான் மூன்று பார் அழுத்தம் வைத்தாயா, மாட்டிக்கொண்டே வைத்தாயா? வைத்த பிறகு ஹோஸுக்குக் கிளிப் போட்டாயா? நான் போன பிறகு, சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் டர்போவின் முழு பூஸ்டில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தாயா? விபத்துக்குப் பிறகு அந்தக் காரின் போனட்டை யார் திறந்தது?

இன்னொன்று. நான் "கோபித்துக்கொண்டு போனேன்" என்று எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது என்று நீ மறந்திருக்கலாம். அன்று நீ ஓட்டிக்கொண்டிருந்தாய், நான் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தேன். மூவாரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். நீ ஸ்பீக்கரில் போட்டாய். "டியூனிங் யார் பண்றது?" என்று கேட்டார். "நான்தான் பாஸ், அக்கா சும்மா லேப்டாப் புடிச்சுக்குவாங்க" என்றாய். சிரித்தாய். அவரும் சிரித்தார். ஒன்பது வருடம், கவி. கிளேபாங்கில் கடைகளுக்குப் பக்கத்தில் நான் இறங்கியபோது நீ காரை விட்டு இறங்கக்கூட இல்லை.

திலகவதி


குருபோங்
27 மார்ச் 2024

அக்காவுக்கு,

நீ கேள்வி கேட்கும் விதம் போலீஸ்காரர்களுக்குக்கூட வராது.

ஹோஸைக் கழற்றிவிட்டுத்தான் செட் செய்தேன். மீட்டர் மூன்று பார் காட்டியது. ஹோஸை மாட்டியதும் இரண்டே காலுக்கும் இரண்டரைக்கும் நடுவில் வந்து நின்றது. நீயே பக்கத்தில் நின்று தலையாட்டினாய். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். எனக்கு இதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா?

கிளிப் போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அன்று அந்தச் சின்ன அளவுக் கிளிப் தீர்ந்துபோயிருந்தது, வாங்கி வந்து போட்டிருப்பேன். முழு பூஸ்டில் ஓட்டிப் பார்த்தாயா என்கிறாய். யாரை வைத்து ஓட்டுவது? ஓட்டும்போது எண்களைப் பார்க்க வேண்டியவள் கிளேபாங்கில் இறங்கிப் போய்விட்டாள். முஃபீத் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டான். "அண்ணே ஆச்சா, அண்ணே ஆச்சா" என்று உயிரை எடுத்தான். கொடுத்துவிட்டேன். ஒரே நாளில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனது நீ. இப்போது அங்கே உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கிறாய்.

போனில் சொன்னது தப்புதான். மூவார்க்காரன் ஒரு மாதிரி ஆள், பொம்பளை டியூன் செய்கிறாள் என்றால் காரைக் கொண்டுவர மாட்டான் என்று நினைத்தேன். அதற்காகத்தான் சொன்னேன். நீ அதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று தெரியாது.

போன வாரம் மருத்துவமனைக்குப் போய் ராமையாவைப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. நான் யார் என்று சொல்லவில்லை, தாவூது மாமாவுக்குத் தெரிந்தவன் என்று மட்டும் சொன்னேன். போர்வைக்கு மேலே கையை வைத்து, கால் இருக்க வேண்டிய இடத்தை நீவிக்கொண்டே பேசினார். "இல்லாத கால் அரிக்குதுப்பா, எங்க சொரியறது?" என்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் நன்றாகத் தூங்கி ஐந்து வாரமாகிறது. பாஸ்வர்ட் விஷயத்தை மட்டும் நான் சொன்னபடி செய். மற்றதை விட்டுவிடு.

கவி


ஜொகூர் பாரு
4 ஏப்ரல் 2024

கவிக்கு,

நான்கு கேள்வி கேட்டேன். மூன்றுக்கு எழுதினாய். போனட்டை யார் திறந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

லோயர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நூருல் ஹுதா என்று பெயர், நம் ஊர்த் தமிழ் முஸ்லிம் பெண்தான். கார் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் புரியும்வரை விடுவதில்லை. ரெகுலேட்டர் என்றால் என்ன என்று கேட்டார். நான் இப்படிச் சொன்னேன்: டர்போ காற்றை இன்ஜினுக்குள் அழுத்தி அனுப்புகிறது. அதே இடத்துக்குத்தான் பெட்ரோலும் போக வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தால், வெளியே நிற்கிறவர் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தள்ளினால்தான் நுழைய முடியும். காற்றின் அழுத்தம் ஒரு பார் ஏறினால் பெட்ரோலின் அழுத்தமும் ஒரு பார் ஏற வேண்டும். ஏற்றி விடுவது ரெகுலேட்டர். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது அதற்கு ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் வழியாகத்தான் தெரியும்.

"அந்த ஹோஸ் கழண்டுட்டா?" என்றார்.

"பூஸ்ட் ஏறினதே அதுக்குத் தெரியாது. பெட்ரோல் ரொம்ப தேவைப்படுற நேரத்துல குறைஞ்சிடும். சூடு தாங்காம பிஸ்டன் உருகும்."

"ஓட்டுறவங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?"

"தெரியாது மேடம். சத்தம் கேக்கும்போதுதான் தெரியும். அதுக்கப்புறம் கார் இழுக்காது."

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "முஃபீத் இதையேதான் சொல்றான். யாரும் நம்பல" என்றார்.

போனை வைத்த பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். அன்று கிளேபாங்கில் மூடியதைப் பிறகு நான் திறக்கவே இல்லை. மூன்று தடவை ஓட்டினோம், மூன்று பதிவும் இருக்கிறது. முதல் இரண்டில் எல்லாம் ஒழுங்கு. பூஸ்ட் ஒரு பார் ஏறும்போது பெட்ரோல் நாலு பாருக்கு ஏறியிருக்கிறது. மூன்றாவது ஓட்டத்தின் கடைசியில் ஒரே ஒரு விநாடி மூன்றரைக்கு இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறது.

அந்த ஒரு விநாடியை நான் இன்றைக்குக் கண்டுபிடித்ததாக உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன். பேப்பரில் எழுதியும் விட்டேன். பிறகு அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன். உண்மை என்னவென்றால், அன்றே பார்த்தேன். கோடு இறங்கியது கண்ணில் பட்டது. "கவி, நிறுத்து, ஹோஸ் லூஸா இருக்கான்னு பாரு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் மூவார்க்காரர் கூப்பிட்டார். அதற்குப் பிறகு நீ பேசியது, நான் பேசியது. லேப்டாப்பை மூடினேன். இறங்கும்போது எனக்கு நினைவு இருந்தது, கவி. மறக்கவில்லை. "நீதானே டியூன் பண்றே, நீயே கண்டுபிடி" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினேன். முஃபீத்தை நான் நினைக்கவே இல்லை. அவன் காரில்தான் உட்கார்ந்திருந்தேன், இருந்தும் நினைக்கவில்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீயும் எழுது. ஹோஸ் கழன்றிருந்ததா? அதைப் பார்த்தது யார்?

திலகா


குருபோங்
12 ஏப்ரல் 2024

அக்கா,

உன் கடிதத்தைப் பட்டறையில் லிஃப்டுக்கு அடியில் நின்று படித்தேன். வந்த வாடிக்கையாளரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவை இழுத்து மூடினேன்.

கிளிப் போடவில்லை. வாங்கி வந்து போட வேண்டும் என்று நினைத்தேன், போடவில்லை. ஹோஸும் பழையது, காய்ந்து விறைத்துப் போயிருந்தது. புதிதாக மாற்ற வேண்டும் என்றும் நினைத்தேன். நினைத்ததையெல்லாம் செய்தமாதிரியே எனக்குள் பதிந்துவிட்டது. போன கடிதத்தில் "போட்டிருப்பேன்" என்று எழுதியபோது பாதி நம்பியேதான் எழுதினேன்.

போனட்டைத் திறந்தது நான்.

விபத்து நடந்து மூன்றாம் நாள் தாவூது மாமா என்னைக் கூப்பிட்டார். கார் போலீஸ் யார்டில் கிடந்தது. உள்ளே முஃபீத்தின் பர்சும் கடைச் சாவியும் இருந்தன. எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார். "நீ கூட வா கவி, எனக்கு அந்தக் காரைத் தனியா பார்க்க முடியல" என்றார். போனோம். மழை. போனட் மடங்கிப் பாதி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். ஹோஸ் ரெகுலேட்டரை விட்டு விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்த உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"என்னா பார்க்கிற?" என்றார் மாமா.

"பேட்டரி வயரைக் கழட்டி விட்டுடறேன் மாமா, தீப்பிடிக்கக் கூடாது" என்றேன்.

அவர் பின்னால் வந்து எனக்குக் குடை பிடித்தார். "நனையாதப்பா, காய்ச்சல் வந்துடும்லா" என்றார். அவர் தோள் முழுக்க நனைந்தது. அந்தக் குடைக்குக் கீழேதான் ஹோஸைப் பிடித்து அதன் இடத்தில் அழுத்தி மாட்டினேன். இரண்டு விநாடி வேலை. அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து சோதித்தார்கள். பெட்ரோல் பக்கம் குறை இல்லை, அளவுக்கு மீறி அழுத்தியதால் இன்ஜின் உடைந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ராமையா சொன்னதையும் உன்னிடம் மறைத்தேன். "மொத புகைதான் தெரிஞ்சது. அப்புறம் அந்தக் காடி ரோட்லயே செத்துப்போன மாதிரி நின்னுடுச்சு. அந்தப் பையனுக்கு ஒதுங்க இடமில்ல" என்றார். "போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டேன். "என்னை யாரும் அதைக் கேக்கலயே" என்றார். அதனால்தான் ஓடி வந்தேன்.

நேற்று முன்தினம் நோன்புப் பெருநாள். வழக்கம்போல தாவூது மாமா வீட்டில் என்னையும் தேவமலரையும் கூப்பிட்டிருந்தார்கள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். முஃபீத் கதவைத் திறந்தான். பாதியாக இளைத்துவிட்டான். கெத்துப்பாட், ரெண்டாங் எல்லாம் அவனே பரிமாறினான். நான் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, நீங்க ஒருத்தர்தான் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டல."

தேவமலருக்கு எதுவும் தெரியாது. அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, அங்கே இது தெரிந்தால் அவள் எப்படித் தலை நிமிர்ந்து போவாள்? ஆதாரத்தைக் கலைத்தால் ஜெயில் என்கிறார்கள். எனக்கு வழி சொல் அக்கா. இல்லாவிட்டால் பாஸ்வர்டை மறந்துவிடு. முஃபீத்தை அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

கவி


ஜொகூர் பாரு
18 ஏப்ரல் 2024

கவி,

மறக்கமாட்டேன்.

29ஆம் தேதி திங்கட்கிழமை நூருல் ஹுதாவிடம் பாஸ்வர்டையும் என் லேப்டாப்பில் உள்ள மூன்று பதிவையும் கொடுக்கப்போகிறேன். நான் பார்த்தும் சொல்லாமல் போனதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஹோஸை மாட்டியது யார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் கம்ப்யூட்டரில் அழுத்தம் ஏறாதது தெரியும். காரில் ஹோஸ் மாட்டியே இருக்கும். இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உனக்குப் பத்து நாள் இருக்கிறது. முதலில் தேவமலரிடம் சொல். அடுத்து தாவூது மாமாவிடம். அப்புறம் பாலாய்க்குப் போய்ப் போலீஸிடம் சொல். எந்த நாள் என்று புவனேந்திரனிடம் சொல்லி அனுப்பு, நான் வருகிறேன். நீயாகப் போனால் உன் பக்கத்தில் நிற்பேன்.

அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று இனி ஒரு தடவை எழுதாதே.

திலகா


குருபோங்
2 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாலாயில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு மணி நேரத்தில் நாம் இருவரும் பத்து வார்த்தை பேசியிருப்போமா? பிறகு நீ பஸ் ஏறிவிட்டாய். நீ வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவே முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தேவமலரிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் மடித்த துணியை எல்லாம் மறுபடி உதறிப் போட்டாள். "ரெண்டு மாசமா வயித்து வலின்னு சொன்னீங்க. நான் கஷாயம் வெச்சுக் குடுத்தேன்" என்றாள். அழவில்லை. அறைக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "வாங்க, போவோம். இன்னைக்கே" என்றாள்.

தங்கா பத்து வீட்டில் தாவூது மாமா, முஃபீத், அவன் அம்மா கரீமா மாமி மூன்று பேரும் இருந்தார்கள். மாமி தேத்தண்ணீர் கலக்க எழுந்தார். "வேணாம் மாமி, உட்காருங்க" என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "கார்ல தப்பு என்னுது" என்றேன். "முஃபீத் மேல தப்பு இல்ல. ஹோஸ் கழண்டுடுச்சு. நான் கிளிப் போடல. யார்டுல பேட்டரி வயரைக் கழட்டறேன்னு சொன்னேன்ல மாமா, அது பொய். அந்த ஹோஸைத்தான் திருப்பி மாட்டினேன்."

தாவூது மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் குடை புடிச்சேனே கவி" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முஃபீத் என்மேல் பாய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் அத்தாவைப் பார்த்தான். "அத்தா, நான் ஃபுல்லா அமுக்கினேன், கார் இழுக்கலன்னு சொன்னேன். அன்னைக்கே சொன்னேன். நீங்க என்னா சொன்னீங்க? வாயை மூடு, ஒரு ஆளோட காலை எடுத்துட்டு பொய் வேற பேசறியான்னு கேட்டீங்க."

மாமா எழுந்திருக்கப் போய், மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அத்தா. நான்தான் பயத்துல காலை எடுத்துட்டேனோன்னு. ராத்திரியெல்லாம் காலை அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன்."

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டான். கரீமா மாமி அவன் பின்னால் போனார். கதவு தாழ் போடும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து கதவுக்கு வெளியே நின்று, "மவனே, மவனே" என்று கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் அவர் திரும்பி, "நீங்க போங்க" என்றார். அது எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் கால் நகரவில்லை. தேவமலர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

மறுநாள் பாலாய். மீதி உனக்குத் தெரியும். ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். என் வழக்கு ஆகஸ்டில் வரும் என்கிறார்கள்.

பட்டறையைப் பூட்டிவிட்டேன். முன்னால் கார்டுபோர்டில் "மூடப்பட்டது" என்று மலாயில் எழுதி மாட்டினேன். காரணம் எழுதவில்லை. மே 6க்கு நீ வருவாய் என்று நூருல் ஹுதா சொன்னார். வந்தால் வீட்டில் தங்கு. எல்லாம் முடிந்த பிறகு பட்டறைக்குத் திரும்பி வருவாயா? போர்டில் உன் பெயரை முதலில் போடுகிறேன். கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். கேட்டுவைக்கிறேன்.

உன் தம்பி,
கவி


ஜொகூர் பாரு
27 ஜூன் 2024

அன்புள்ள கவி,

முதலில் நீ கேட்டதற்குப் பதில். பட்டறைக்குத் திரும்பி வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நாம் இருவரும் ஒரே காரில் கை வைத்தால், நான் பேசாமல் இறங்கிப் போனதும் நீ மழையில் குனிந்து நின்றதும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே ஒரு பயிற்சிக் கல்லூரியில் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். கிடைத்தால் பார்க்கலாம்.

மே 6ஆம் தேதி ஒத்திவைத்தார்கள்; போன திங்கட்கிழமை முஃபீத்தின் மேல் இருந்த வழக்கைத் திரும்பப் பெற்றபோது நீ லோயர் அறையில் இருந்தாய். வெளியே வராந்தாவில் நடந்தது உனக்குத் தெரியாது.

தாவூது மாமா ஒரு ஓரத்தில் நின்றார், முஃபீத் இன்னொரு ஓரத்தில் நின்றான். வழக்கு இல்லை என்று கேட்டதும் மாமா இரண்டு அடி எடுத்து வைத்தார். அவன் சலாம் சொன்னான், கையைக் கொடுத்தான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்து போய்விட்டான். மாமா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பின்னாலேயே போனார். காரில் ஒன்றாகத்தான் ஏறினார்கள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

ராமையா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்லக் கூப்பிட்டு, தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊன்றுகோல் இரண்டும் பக்கத்து இடத்தில் சாய்ந்திருந்தன. நான் எதிரே போய் நின்றேன். "நீங்க யாரும்மா?" என்றார். பெயரைச் சொன்னேன். உன் அக்கா என்றேன். கார் சரியில்லை என்று எனக்கு அன்றே தெரியும், தெரிந்தும் சொல்லாமல் போய்விட்டேன் என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை, கவி. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அவர் ஊன்றுகோல்களை எடுத்து மறுபக்கம் வைத்தார். உட்கார்ந்தேன்.

"நாலு மாசமா அந்தப் பையனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். "காலைல எழுந்தா அவனைத் திட்டுவேன், குளிக்கப் போனா அவனைத் திட்டுவேன். அது ஒரு மாதிரி பிடிமானமா இருந்துச்சும்மா. இப்ப அவன் இல்லைங்கிறாங்க. உங்க தம்பிங்கிறாங்க. நீங்க வந்து நான்தாங்கிறீங்க. ஆளுக்குக் கொஞ்சம்னு பிரிச்சுக்கிட்டா எனக்கு என்னா மிச்சம்?"

"எங்களைத் திட்டுங்க ஐயா" என்றேன்.

"அதுக்கும் தெம்பு வேணுமேம்மா" என்றார்.

வேன் வந்தது. அவரால் படியில் தனியாக இறங்க முடியவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு இறங்கினார். பாரம் முழுவதும் என் மேல்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு அவர் வீடு எங்கே என்று கேட்டேன். சொன்னார். ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு காலை நான் மலாக்கா வருகிறேன். பத்து மணிக்கு நீயும் நானும் அவர் வீட்டுக்குப் போகிறோம். பழம் எதுவும் வாங்காதே. என்ன பேச வேண்டும் என்று யோசித்தும் வைக்காதே. அவர் நம்மை வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்கா